இருநூறாவது அட்டையும் இரண்டு வெள்ளைப் பெட்டிகளும்

திங்கட்கிழமை மாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்குப் பல்செட்டுக்காரர் தன் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய முடிவை எடுத்தார். இந்த வீட்டில் ஒன்று அந்தக் கரகரப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் இருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து இடமில்லை. முடிவெடுத்த வேகத்தில் வீறுகொண்டு எழுந்தார். காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனின் வயர் அவரைப் பிடித்து இழுத்து மறுபடியும் நாற்காலியில் உட்கார வைத்தது.

பல்செட்டுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். ஊரில் பாதிப் பேர் அவர் பட்டறையில் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள், மீதிப் பேர் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். காரணம், அவருடைய ரேடியோ. பாட்டுக் கேட்கிற ரேடியோ அல்ல. மொட்டை மாடியில் நீளமாகக் கம்பி கட்டி, முறைப்படி பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, உலகத்தின் எந்த மூலையிலோ இருக்கும் இன்னொரு ரேடியோப் பைத்தியத்தோடு பேசுகிற ஹாம் ரேடியோ. ஒரு நாட்டோடு பேசி முடித்தால் அங்கிருந்து தபாலில் ஓர் அட்டை வரும். நூற்றுத் தொண்ணூற்றொன்பது நாட்டு அட்டைகள் வந்திருந்தன. அவருடைய ரேடியோ அறையில் சுவர் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. அட்டைதான் தெரியும்.

இருநூறாவது, கடலுக்கு நடுவில் இருக்கும் ஆளில்லாத ஒரு தீவு. எட்டுப் பேர் கப்பலில் போய்க் கூடாரம் போட்டு அன்று காலைதான் ஒலிபரப்பை ஆரம்பித்திருந்தார்கள். ஒன்பது நாள் இருப்பார்கள். அடுத்த முறை எப்போது என்று கேட்டதற்கு, பன்னிரண்டு வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்று பதில் வந்திருந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து அவருக்கே ஒரு பல்செட் தேவைப்படும். இப்போது விட்டால் விட்டதுதான்.

அந்தத் தீவின் குரல் இவர் ஊர்ப் பக்கம் எட்டுவது மாலை ஐந்திலிருந்து ஏழு வரைக்கும்தான். சரியாக ஐந்து மணிக்கு அந்தக் கரகரப்பும் கிளம்பியது. யாரோ காதுக்குள்ளேயே உட்கார்ந்து தகரத்தை மணல் தாளால் தேய்ப்பது போல ஒரு சத்தம். தீவு அதற்கு அடியில் எங்கோ புதைந்து கிடந்தது.

இந்த மாதிரி நேரத்தில் ஹாம்காரர்கள் முதலில் செய்வது ஒன்றுதான். ரேடியோவை பேட்டரியில் மாட்டிவிட்டு வீட்டின் மெயின் சுவிட்சை அணைப்பது. கரகரப்பு அப்படியே இருந்தால் குற்றவாளி வெளியே இருக்கிறான். நின்றுவிட்டால் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்.

அணைத்தார். கரகரப்பு நின்றது. அந்த நிசப்தத்தில், மெல்லியதாக, சீட்டியடிப்பது போல, தீவு கேட்டது. பல்செட்டுக்காரருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மூன்று விநாடி புல்லரித்திருக்கும்.

"என்னங்க!"

பின் அறையிலிருந்து வந்த குரல் அவருடைய மனைவியின் குரல். தெருவுக்கே டீச்சர். சுருக்கெழுத்து டீச்சர். வேலை பார்த்த பயிற்சிக் கூடத்தை மூடிவிட்டதால், பின் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இன்டர்நெட் வழியாக இருபத்தாறு பேருக்குப் பாடம் எடுக்கிறார். வகுப்பு ஐந்திலிருந்து ஏழு வரைக்கும்.

"மெயினை யாரு அணைச்சது?"

"நான்தாம்மா. ஒரு சின்ன சோதனை."

"இருபத்தாறு பேரு பேனாவைப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருக்காங்க. 'கனம் நீதிபதி அவர்களே'ன்னு ஆரம்பிச்சேன். அதோட ஆளையே காணோம்."

"ஒரு நிமிஷம் பொறுத்துக்கயேன்."

"ஒரு நிமிஷம்னா நூத்திருபது வார்த்தை. தெரியுமா உங்களுக்கு?"

தெரியும். பரீட்சையில் நிமிஷத்துக்கு நூற்றிருபது வார்த்தை எழுத வேண்டும். இருபத்தொன்றாம் தேதி பரீட்சை. வீட்டில் கொஞ்ச நாளாக உப்பு, புளி, மிளகாய் எல்லாமே அந்த வேகத்தில்தான் விழுந்துகொண்டிருந்தன.

மெயினைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றிப் பார்த்தார். ஒவ்வொரு ஃபியூஸுக்கும் ஒரு "என்னங்க" வாங்கினார். கடைசியில் குற்றவாளி அகப்பட்டான். ஒருவன் அல்ல, இருவர். போன வாரம் மச்சினன் வந்து மாட்டிவிட்டுப் போன இரண்டு வெள்ளைப் பெட்டிகள். ஹாலில் மோடத்துக்குப் பக்கத்து பிளக்கில் ஒன்று, பின் அறை பிளக்கில் ஒன்று. நடுவில் தனியாகக் கேபிள் கிடையாது. சுவருக்குள் ஓடும் மின்சாரக் கம்பி வழியாகவே இன்டர்நெட் ஓடும். மச்சினன் அதைப் பெருமையாகச் சொல்லியிருந்தான். இன்டர்நெட் ஓடும்போது வீட்டுக் கம்பி முழுவதும் ரேடியோவின் காதில் கத்தும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

பல்செட்டுக்காரர் பின் அறை வாசலில் போய் நின்றார்.

"இந்தப் பெட்டியைக் கழட்டணும்."

"எதுக்கு?"

"கத்துது."

டீச்சர் பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். "ஒண்ணும் கேக்கலையே."

"உனக்குக் கேக்காது. ரேடியோவுக்குத்தான் கேக்கும்."

"அப்ப ரேடியோ காதுல பஞ்சை வைங்க."

"விளையாடாதேம்மா. ஒம்பதே நாள். முன்ன மாதிரி ஹால்லயே உட்கார்ந்து கிளாஸ் எடேன்."

"ஹால்ல உட்கார்ந்தா தெருவுல போற லாரியும் என்னோட சேர்ந்து டிக்டேஷன் குடுக்குது. பரீட்சைக்கு மூணு வாரம்கூட இல்ல."

"இருநூறாவது நாடும்மா!"

"நூத்தித் தொண்ணூத்தொம்பது நாடு பத்தலையா? அதுல ஒரு நாட்டுக்காரனாவது என்னைக்காவது வந்து காய் நறுக்கிக் குடுத்திருக்கானா?"

பல்செட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். சொந்தப் பல்.

"ஒரு வழி இருக்கு," என்றார் டீச்சர். "ஹால்லேர்ந்து இங்க வரைக்கும் நேரா ஒரு கேபிளை இழுத்துடுங்க. பெட்டியே வேண்டாம். தம்பி அன்னிக்கே சொன்னான்."

சொன்னான்தான். ஹாலுக்கும் பின் அறைக்கும் நடுவில் இருப்பது ரேடியோ அறை. கேபிள் அதன் சுவரோடுதான் போக வேண்டும். சுவர் முழுக்க அட்டை.

"அந்தச் சுவர்ல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது."

"அப்ப இந்தப் பெட்டியிலயும் யாரும் கை வைக்கக் கூடாது."

பேச்சுவார்த்தை அத்துடன் முறிந்தது.

செவ்வாய்க்கிழமை பட்டறையில் ஒரு கீழ்த்தாடைக்குப் பல் அடுக்கிக்கொண்டிருக்கும்போது பல்செட்டுக்காரருக்கு அந்த யோசனை வந்தது. பெட்டி ரேடியோவுக்குச் செய்வதை ரேடியோவும் பெட்டிக்குத் திருப்பிச் செய்யும்! மாடிக் கம்பி பின் அறைக்கு நேர் மேலேதான் போகிறது. அவர் ரேடியோவில் பேச ஆரம்பித்தால் பெட்டி திணறும், இன்டர்நெட் விட்டு விட்டு வரும். நான்கு நாள் இப்படி நடந்தால் போதும். டீச்சரே வெறுத்துப் போய்ப் பெட்டியைப் பிடுங்கி எறிவார். இவர் மேல் ஒரு பழியும் வராது.

வாயால் பேசினால் பின் அறைக்குக் கேட்டுவிடும். அதனால் மோர்ஸ். ஒரு சின்ன கீயை விரலால் தட்டுகிற பாஷை. குட்டைத் தட்டு, நெட்டைத் தட்டு, இரண்டும் சேர்ந்தால் ஓர் எழுத்து. பேசுவதற்குக் கூட்டாளியும் தயாராக இருந்தார். நகரத்தின் அந்தப் பக்கம் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், இவரைப் போலவே ஹாம், இவரைப் போலவே கணவர். பக்கத்தில் இருப்பதால் அவர் தட்டுவது எந்தக் கரகரப்பையும் தாண்டிக் கணீரென்று கேட்கும். இரண்டு பேரும் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்வது இருபது வருஷப் பழக்கம்.

சரியாக ஐந்தரைக்குத் தட்டினார். "திட்டம் ஆரம்பம்."

கண்ணாடிக்கடைக்காரர் பதில் தட்டினார். "டீச்சருக்குத் தெரிந்தால்?"

"தெரியாது. இந்தத் தெருவிலேயே இந்த பாஷை தெரிந்தவன் நான் ஒருவன்தான்."

"தோலை உரித்தால் என்னைக் கூப்பிடாதே."

பத்து நிமிஷத்தில் டீச்சர் வந்து நின்றார்.

"நெட்டு விட்டு விட்டு வருதுங்க. நீங்க ஏதாவது பண்றீங்களா?"

"நானா? சும்மா உட்கார்ந்திருக்கேன்." பல்செட்டுக்காரர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "பெட்டி மட்டமான பெட்டியா இருக்கும். உன் தம்பி வாங்கினதாச்சே. தூக்கிப் போட்டுடு."

"பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டு டீச்சர் போய்விட்டார்.

புதன்கிழமை மறுபடி வந்தார்.

"இப்ப ஸ்பீக்கர்ல வேற டக்கு டக்குன்னு ஒரு சத்தம். பசங்கல்லாம் கேக்கறாங்க, என்ன டீச்சர் அதுன்னு."

"பெட்டி சாகப் போகுது. அதோட நெஞ்சுத் துடிப்பு."

"ஒரே மாதிரியும் இல்லைங்க. ஒண்ணு குட்டையா வருது, ஒண்ணு நெட்டையா வருது."

"சாகும்போது அப்படித்தாம்மா. கழட்டிடு, பாவம்."

"பார்க்கலாம்."

அன்று மாலை முழுவதும் டீச்சர் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் பல்செட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். நோட்டு முழுக்கக் கோடும் புள்ளியும். சுருக்கெழுத்துக்காரர்கள் நோட்டில் வேறென்ன இருக்கும்? நிம்மதியாகத் தண்ணீர் குடித்தார்.

வியாழக்கிழமை வெற்றி தலைக்கேறிவிட்டது. கண்ணாடிக்கடைக்காரரிடம் திட்டத்தைப் பற்றி மட்டும் பேசியிருக்கலாம். மனிதன் குஷியில் இருக்கும்போது எங்கே நிறுத்துகிறான்? "டீச்சர் சோர்ந்துவிட்டாள். நாளைக்கே பெட்டி போய்விடும். பரீட்சைக் கவலையில் சாப்பாட்டில் உப்பே போடுவதில்லை. வைக்கோல் தின்கிற மாதிரி இருக்கிறது," என்று தட்டினார்.

வெள்ளிக்கிழமை மதியம் முதல் கவளத்திலேயே அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்னம்மா இது, கடல் தண்ணியிலயா சமைச்சே?"

"தீவு தீவுன்னு ஆசைப்பட்டீங்களே. கடல் பழகட்டும்னு பார்த்தேன். உப்பு போதுமா? இன்னும் கொஞ்சம் போடவா?"

கவலையில் கை தவறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, ஒரு சொம்புத் தண்ணீரோடு அதை உள்ளே தள்ளினார். எதிரி நிலைகுலைந்திருக்கும்போது உப்பைப் பற்றிப் பேசிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ளலாமா?

ஆனால் ஐந்து நாள் போய்விட்டது. பெட்டி போகவில்லை. டீச்சர் "பார்க்கலாம்" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசுவதாக இல்லை. தீவு தினமும் கரகரப்புக்கு அடியில் யார் யாரையோ கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை மாலை பல்செட்டுக்காரர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"நாளை ஞாயிறு," என்று தட்டினார். "வகுப்பு கிடையாது. இருவரும் மச்சினி வீட்டுக்கு விருந்துக்குப் போக வேண்டும். காலையில் எனக்கு முதுகு வலி வரும். அவள் மட்டும் போவாள். நான் பெட்டியைப் பிடுங்கிவிட்டுத் தீவைப் பிடிப்பேன்."

"மேதை," என்று தட்டினார் கண்ணாடிக்கடைக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேதை படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, எந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று கத்தலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. அதற்குள் டீச்சர் உள்ளே வந்தார். ஒரு கையில் வெந்நீர்ப் பை, ஒரு கையில் தைலம்.

"அசையாதீங்க. படுங்க."

"ஏன்?"

"முதுகு வலிக்குமே."

"எனக்கா?" என்று கேட்டவர் சட்டென்று சுதாரித்தார். "ஆமா! அம்மாடி! உனக்கெப்படித் தெரியும்?"

"இருபத்திரண்டு வருஷமா பாக்கறேன். மூஞ்சியைப் பார்த்தாலே தெரியாதா?"

பல்செட்டுக்காரருக்கு மனசு இளகிவிட்டது. இப்படி ஒரு மனைவியையா ஏமாற்றுகிறோம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இருந்தாலும் தீவு தீவுதான்.

"நீ கிளம்பும்மா. தங்கச்சி காத்துட்டிருப்பா. நான் எப்படியோ சமாளிச்சுக்கறேன்."

"உங்களை இந்த நிலைமையில விட்டுட்டா? நல்லா இருக்கே! தங்கச்சிக்குப் போன் பண்ணிட்டேன். அவங்க குடும்பத்தோட இங்க வர்றாங்க."

வந்தார்கள். ஏழு பேர். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இவருக்கு முதுகுக்கு ஆகாது என்று கஞ்சி கொடுத்தார்கள். சகலை கட்டில் ஓரத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

"முதுகுங்கறது லேசுப்பட்டதில்ல சகலை. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இப்படித்தான், சாயங்காலம் அஞ்சு மணிக்கு எழுந்திருச்சார். அப்படியே வளைஞ்சு நின்னுட்டார்."

"அஞ்சு மணிக்கேவா?"

"ஆமா. அஞ்சிலேர்ந்து ஏழு வரைக்கும் நரம்புக்கு ரொம்ப ஆகாத நேரமாம். உங்க வீட்டம்மாதான் இப்ப சொன்னாங்க. நான் இங்கயேதான் இருப்பேன், கவலைப்படாதீங்க."

கட்டிலிலிருந்து பார்த்தால் கதவு இடுக்கில் ரேடியோ தெரிந்தது. எட்டிப் பிடிக்கிற தூரம். ஐந்து மணிக்குப் பின் அறையிலிருந்து "கனம் நீதிபதி அவர்களே" என்று குரல் வந்தது. நீங்கள் எப்படியும் படுத்துத்தானே இருக்கிறீர்கள் என்று டீச்சர் சிறப்பு வகுப்பு வைத்துவிட்டார். பல்செட்டுக்காரர் முனகினார். அந்த வாரத்தில் அவர் முனகிய முதல் நிஜ முனகல் அது. சகலை இன்னும் கொஞ்சம் தைலம் தேய்த்தார்.

திங்கட்கிழமை, எட்டாவது நாள். பல்செட்டுக்காரர் கோபத்தோடு கீ முன்னால் உட்கார்ந்தார்.

"என் மனைவியிடம் யார் சொன்னது? நீயா? உன் வீட்டம்மாவா?"

"சத்தியமாக நான் இல்லை. என் வீட்டில் எனக்குப் பேசவே வாய்ப்புக் கிடைப்பதில்லை. யாரிடம் போய்ச் சொல்வேன்?"

"பின்னே எப்படித் தெரிந்தது?"

பதில் வருவதற்குள் ஓர் ஆச்சரியம் நடந்தது. கரகரப்பு நின்றது. மெயினை அணைக்கவில்லை, ஃபியூஸைக் கழற்றவில்லை, தானாக நின்றது. அந்த நிசப்தத்தில் தீவு தெளிவாகக் கேட்டது. பல்செட்டுக்காரர் கீயில் கை வைத்தார். கூப்பிடப் போனார்.

கர்ர்ர். கர்ர்ர்.

திரும்பி வந்துவிட்டது. வந்தது, நின்றது. கர், கர், கர்ர்ர். மறுபடி நின்றது. நெட்டை, நெட்டை. குட்டை, குட்டை, நெட்டை. முப்பது வருஷப் பழக்கத்தில் அவர் கை தானாகப் பென்சிலை எடுத்து எழுத ஆரம்பித்தது. எங்கோ தொலைதூரத்து நிலையம் போலிருக்கிறது, ரொம்ப மெதுவாகத் தட்டுகிறான், புது ஆள், ஆனால் ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லையே என்று மெச்சிக்கொண்டே எழுதினார். முடித்துவிட்டுப் படித்தார்.

'முதுகு எப்படி இருக்கு?'

கண்ணாடிக்கடைக்காரரின் குறும்பு என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் அவர் தட்டினால் சீட்டி மாதிரி சுத்தமாகக் கேட்கும். இது கரகரப்பே துண்டு துண்டாக வந்து பேசுகிறது. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, ஓசைப்படாமல் போய்ப் பின் அறையை எட்டிப் பார்த்தார்.

மாணவர்கள் எடுத்த டிக்டேஷனை முழு எழுத்தில் பெயர்த்து எழுதிக்கொண்டிருக்கும் நேரம். அப்போது டீச்சருக்கு இன்டர்நெட் தேவையில்லை. அவர் சுவர் ஓரமாக ஸ்டூல் போட்டு நேராக உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு. நோட்டுக்கு மேல், பல்செட்டுக்காரர் இளவட்டமாக இருந்தபோது மோர்ஸ் படித்த பழைய புத்தகம். ஒரு விரல் புத்தகத்தில். இன்னொரு விரல் வெள்ளைப் பெட்டியின் சுவிட்சில்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முப்பது வருஷமாக முகம் தெரியாத எத்தனையோ பேரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தட்டியவர், ஒரு நாளாவது பக்கத்து அறையிலிருந்து பதில் வரும் என்று கனவில்கூட நினைத்ததில்லை. என் மனைவி, என்று பெருமையாக நினைத்தார். அடுத்த விநாடியே, என்னவெல்லாம் தட்டித் தொலைத்தோம் என்று யோசித்துப் பார்த்தார்.

திரும்பிப் போய்க் கீ முன்னால் உட்கார்ந்தார்.

"எப்போதிலிருந்து?" என்று தட்டினார். பின் அறை ஸ்பீக்கரில் டக்கு டக்கு என்று கேட்டது.

கரகரப்பு நிதானமாகப் பதில் சொன்னது. "புதன்."

"எல்லாமா?"

"வைக்கோல் உட்பட."

பல்செட்டுக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நாளைதான் கடைசி நாள். பெட்டியை அணைத்து வை. தயவுசெய்து."

"கேபிள்."

"அட்டைகள்?"

"கழற்றலாம். ஒட்டலாம். தீவு போனால் வராது."

நடுவில் கண்ணாடிக்கடைக்காரரின் சீட்டி புகுந்தது. அவருக்கு இவர் தட்டுவது மட்டும்தான் கேட்கிறது, சுவருக்குள் ஓடுவது கேட்கவில்லை. "யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறாய்?"

"வீட்டில்."

"வீட்டிலா? கீயிலா?"

"ஆமாம்."

பிறகு, "நான் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்புகிறேன். என்னை உனக்குத் தெரியாது," என்று தட்டிவிட்டு மனிதர் மறைந்தார்.

"ஸ்பீக்கர் சத்தமும் நிற்க வேண்டும்," என்றது கரகரப்பு.

"நிற்கும். ஸ்பீக்கர் வயரில் வளையம் மாட்டுகிறேன்."

"சரி. வந்து காய் நறுக்குங்க."

செவ்வாய்க்கிழமை பட்டறைக்கு விடுமுறை. பல்செட்டுக்காரர் தன் கையாலேயே முப்பத்துநான்கு அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பட்டறையிலிருந்து கொண்டு வந்த பல் ராவும் மோட்டாரால் சுவரில் ஓட்டை போட முடியாது என்பது முக்கால் மணி நேரத்தில் விளங்கியது. மச்சினன் பெரிய மோட்டாரோடு வந்தான். சிரிக்கக்கூடாது என்று அக்கா சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டே வேலை செய்தான். நான்கரை மணிக்குள் இரண்டு சுவரிலும் ஓட்டை விழுந்தது, கேபிள் ஓடியது, வெள்ளைப் பெட்டிகள் இரண்டும் பிளக்கிலிருந்து இறங்கின. ஸ்பீக்கர் வயரில் கருப்பு வளையங்கள் ஏறின. ரேடியோ அலையை உள்ளே விடாமல் தடுக்கிற வளையங்கள். இனி இவர் எவ்வளவு தட்டினாலும் பின் அறையில் ஒரு முனகல்கூடக் கேட்காது. தன் திட்டத்துக்குத் தானே சமாதி கட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ரேடியோ முன் உட்கார்ந்தார்.

ஐந்து மணி. காதில் அமைதி. அப்படி ஓர் அமைதியை அவர் அந்த வீட்டில் கேட்டதே இல்லை. அதன் நடுவில் தீவு.

உலகமே தீவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கடைசி நாள் இல்லையா? இவரும் கூப்பிட்டார். பத்து முறை, இருபது முறை. தீவு வேறு யாருக்கோ பதில் சொன்னது. முப்பது முறை. ஐந்தரை மணி ஆயிற்று. விட மாட்டேன் என்று பல்லைக் கடித்தார். நாற்பத்தோராவது முறை தட்டிவிட்டுக் கையை எடுத்தார். தீவு ஒரு விநாடி தயங்கியது. பிறகு அவருடைய அடையாள எழுத்துகளை, ஒன்றுகூட விடாமல், அவருக்கே திருப்பித் தட்டியது.

ஐந்து ஐம்பத்திரண்டு. குறிப்பேட்டில் எழுதும்போது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. இந்த முறை உப்பு காரணமில்லை.

பின் அறைக்கு ஓடினார். "கிடைச்சிடுச்சும்மா! இருநூறு!"

"நிஜமாவா!" டீச்சர் வகுப்பை மறந்து எழுந்துவிட்டார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "எனக்குத் தெரியும், இன்னிக்குக் கிடைச்சிடும்னு. உட்காருங்க, உட்காருங்க."

பல்செட்டுக்காரர் உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் திரையில் இருபத்தாறு முகங்கள். எல்லாமே வாடிப் போயிருந்தன. புதுக் கேபிளின் புண்ணியத்தில் ஒரு மாணவியின் குரல் தங்குதடையில்லாமல் வந்தது.

"டீச்சர், இன்னிக்கு டக்கு டக்கு வரவேயில்லையே. சாருக்கு உடம்பு சரியில்லையா?"

பல்செட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். "அந்தச் சத்தம் இவங்களுக்கு எதுக்கு?"

டீச்சர் கொஞ்சம் கூச்சத்தோடு நோட்டைப் புரட்டினார். "நீங்க தட்டறதை எழுதி வச்சு, மறுநாள் அதைத்தாங்க டிக்டேஷனா குடுத்தேன். கோர்ட்டுத் தீர்ப்பு, சட்டசபைப் பேச்சு எல்லாம் குடுத்துப் பார்த்தாச்சு, தூங்கி வழிஞ்சாங்க. இதுக்கு ஒருத்தர் கண் மூடலை. அடுத்து நீங்க என்ன பண்ணப் போறீங்கன்னு தெரிஞ்சுக்கற அவசரத்துல எல்லாருக்கும் வேகம் வந்துடுச்சு."

"அப்போ... இருபத்தாறு பேருக்கும்..."

"நெட்டு விட்டு விட்டு வந்ததுகூட நல்லதாப் போச்சு. விட்டுப் போன வார்த்தையை ஊகிச்சு எழுதப் பழகிட்டாங்க."

"சார்," என்று இன்னொரு குரல் கெஞ்சியது, "பரீட்சைக்கு இன்னும் பத்து நாள் இருக்கு சார். பாதியில விட்டுடாதீங்க."

பல்செட்டுக்காரர் மெல்ல எழுந்தார். டீச்சர் அவர் தோளை அழுத்தி மறுபடி உட்கார வைத்தார். மைக்கை எடுத்து அவர் வாய்க்கு நேராக வைத்தார். பிறகு திரையைப் பார்த்துத் திரும்பினார்.

"எல்லாரும் பேனாவை எடுங்க. இன்னிக்கு சாரே நேர்ல வந்திருக்கார்."